முதுகில் விழுந்த ஐந்து அடி

என் புருஷனை நடுத்தெருவில், பத்துப் பேர் பார்க்க, நான் அடித்தேன் என்பது உண்மைதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முதுகைத் தடவிக்கொண்டு, "கிட்ட வராதம்மா" என்பார்கள். சிரித்துவிட்டுப் போவேன். வேறு என்ன செய்வது?

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. தறியில் அவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பது என் வேலை. கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. கோபமும் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போகாது. அவருக்கோ வாயே கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசிவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று என் மாமியார் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார்.

அந்த வருஷம் நெசவாளர் சங்கத்தில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். தெருவுக்கு ஓர் ஆள், நாலு ஞாயிற்றுக்கிழமை, கடைசியில் பரீட்சை. யாரை அனுப்புவது என்று எங்கள் தெருவில் பேச்சு வந்ததும் எல்லாருக்கும் திடீரென்று ஞாயிற்றுக்கிழமை வேலை வந்துவிட்டது. முடியாது என்று சொல்லத் தெரியாத ஒரே மனுஷன் என் வீட்டுக்காரர். அவர் பேரைக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் வகுப்பு முடிந்து வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"முதலுதவி."

"அது தெரியும். இன்னா முதலுதவி?"

"எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! அடுத்த ஞாயிறு அவருக்கு முன்னால் நான் கிளம்பி நின்றேன். சங்கத்து வாசலில் ஒருவர், "ஆம்பளைங்களுக்குத்தாம்மா" என்று குறுக்கே வந்தார். உள்ளேயிருந்து ஒரு குரல், "வரட்டும், வரட்டும். வீட்டுல ஒருத்தர் விழுந்தா பக்கத்துல இருக்கப்போறது அவங்கதானே" என்றது.

அதுதான் நர்ஸம்மா. சென்னையிலிருந்து வந்துபோனவர். என் வயதுதான் இருக்கும். ஆள் ஒல்லி, குரல் மட்டும் தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தையே அதட்டும். பழைய சாக்கில் கழிவு நூலை அடைத்து, கரியால் கண் மூக்கு வரைந்து ஒரு பொம்மை செய்து வைத்திருந்தார். அதைப் பாயில் மல்லாக்கப் போட்டு, மாரடைப்பு வந்து விழுந்தவருக்கு என்ன செய்வது என்று காட்டினார். தோளைத் தட்டிக் கூப்பிடு. பதில் இல்லையா, மூச்சும் இல்லையா, ஓர் ஆளை டாக்டரிடம் ஓடச் சொல். நீ உட்கார்ந்திருக்காதே. நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் நன்றாக அழுந்தும்படி அமுக்கு, விடு, அமுக்கு, விடு. உதவி வரும்வரை நிறுத்தாதே.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக முட்டி போட்டு அமுக்கினார்கள். தாளம் என்னவோ அச்சாக வந்தது, நாள் முழுக்கத் தறியில் பலகை அடிக்கிறவர்கள் அல்லவா. ஆனால் அமுக்கும்போதெல்லாம் பின்னால் நீட்டியிருந்த கால் தானாக மிதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் இருவருக்கு இல்லை, அத்தனை பேருக்கும்! நர்ஸம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கால் எதுக்குப்பா ஆடுது?" என்றார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மூச்சு வாங்க, "தறியில காலு மிதிக்காம கை அடிக்காதும்மா, பொறந்ததுலருந்து பழக்கம்" என்றார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுகிற பாடம் வந்தபோது பாதிப் பேருக்கு டீ குடிக்கும் நேரமாகிவிட்டது. நடுவில் கைக்குட்டை போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸம்மா கூவியும் ஒருவரும் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் காது சிவக்கக் குனிந்து அந்தச் சாக்குக்கு மூச்சு ஊதினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சிரிப்பும் தாங்கவில்லை.

தொண்டையில் அடைத்துக்கொள்வதற்கு ஒரு ஞாயிறு முழுக்க எடுத்துக்கொண்டார். "இருமுறவரை இரும விடுங்க. பேச்சு வருதான்னு கேளுங்க. சத்தமே வரலைன்னா அதுதான் ஆபத்து, அப்ப ஒரு நொடிகூட நிக்கக்கூடாது." ஆளை முன்பக்கம் நன்றாகக் குனியவைத்து, நெஞ்சை ஒரு கையால் தாங்கி, இன்னொரு கையின் அடிப்பாகத்தால் முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே ஓங்கி அடிக்க வேண்டும். ஐந்து அடி வரைக்கும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் வெளியே வந்ததா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது. வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாது. இப்போதெல்லாம் முதுகில் அடித்தும் வரவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து வயிற்றை உள்ளுக்கும் மேலுக்குமாக அமுக்கவும் சொல்லித்தருகிறார்கள் என்று என் மகள் சொன்னாள். எங்களுக்கு அப்போது முதுகுதான்.

"நாங்க உச்சந்தலையில தட்டுவோமே" என்றேன் நான்.

"தட்டுனா இன்னா ஆவும்?"

"புரை ஏறினது எறங்கும். யாரு நெனைக்கிறாங்கன்னு கேட்டு, பேரு சொல்லிக்கினே தட்டணும்."

"தொண்டை அடைச்சவனைத் தலையில தட்டினா தலையும் சேர்ந்து வலிக்கும்மா" என்றார் நர்ஸம்மா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் தறியில் உட்கார்ந்தபடியே அவருக்கு நான் பாடம் ஒப்பிப்பேன், அவர் தலையை ஆட்டுவார். பரீட்சையன்று நர்ஸம்மா கேட்ட எல்லாவற்றுக்கும் பின்வரிசையிலிருந்து பதில் சொன்னது நான். கடைசியில் சர்டிபிகேட் யார் பேருக்கு வந்தது? அவர் பேருக்கு! பதிவேட்டில் என் பேர் இல்லையாம், சும்மா கூட வந்தவளாம். அவரும் சும்மா இருந்திருக்கலாம். அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்த ஆணியை என் தலையில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் எப்போதுமே பேசமாட்டார் என்பதால் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்டது.

நாலாம் நாள் காலையில் எங்கள் பாவைத் தெருவில் நீட்டினோம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவு என்றால் சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். தறியில் ஏற்றுவதற்கு முன் அதை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்போம். இரண்டு முனையிலும் மூங்கில் கழியைப் பிடித்து இழுத்து நிற்க வேண்டும், நடுநடுவே ஆட்கள் தாங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். யாராவது கையை விட்டால் பாவு துவண்டு தரையில் விழும், இழை அறுந்து சிக்கலாகும். அதனால் பாவைப் பிடித்தவன் தேள் கொட்டினாலும் விடமாட்டான். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். கை இரண்டும் மாட்டிக்கொண்டிருப்பதால் பசித்தால் வீட்டுப் பெண்கள்தான் வந்து வாயில் எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் ஒரு முனையில் கழியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நின்றிருந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. என்னோடு சண்டை என்றால் சாப்பாட்டைக் கேட்கவே மாட்டார், அது அவருடைய வழக்கம். பக்கத்துத் தெருக் கல்யாணச் சீரில் வந்த பொருவிளங்காய் உருண்டை வீட்டில் இருந்தது. வெல்லப்பாகு இறுகிக் கல்லாகிவிட்ட உருண்டை. உலக்கையால் தட்டி உடைத்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனேன். சமாதானம் என்று காட்டிக்கொள்ளாமல், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவர் வாயில் திணித்தேன்.

"சர்டிபிகேட்டைப் பாத்துக்கினு இருந்தா வயிறு ரொம்பாது. இதைக் கடிங்க."

அவர் சிரித்துவிட்டார். அதிசயமாகச் சிரிக்கிற மனுஷன். சிரித்தாலும் சத்தமில்லாமல் உதட்டோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்கு வாய் நிறைய உருண்டையோடு 'ஹ' என்று சத்தமாகவே சிரித்தார். ஜெயித்துவிட்ட திருப்தியில் நான் திரும்பி நாலு எட்டு வைத்தேன்.

பாவுக்கு நடுவில் நின்றிருந்த எதிர்வீட்டுக்காரர், "அங்க பாருங்கப்பா, பொண்டாட்டி ஊட்டிவுட்டதும் ஆனந்தக் கண்ணீரு!" என்று கத்தினார். தெருவே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தேன்.

கழியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் திறந்திருந்தது. முகம் சிவந்து, அந்தச் சிவப்பும் கறுத்துக்கொண்டிருந்தது. இருமலும் இல்லை, கமறலும் இல்லை. வேறு யாராவது என்றால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு துடித்திருப்பார்கள், தெருவுக்கே தெரிந்திருக்கும். இவர் பாவைப் பிடித்திருக்கிறாரே! கையை எடுக்க மாட்டார். பேசாத மனுஷன் பேசாமல் நிற்பதை யார் கவனிப்பார்கள்?

ஓடிப் போய், "இன்னாங்க, பேச முடியுதா?" என்று கேட்டேன். தலை இப்படியும் அப்படியும் அசைந்தது.

என் மாமியாருக்கு அப்போதுதான் தெரிந்தது. கஞ்சிச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கஞ்சிக் கையாலேயே மகன் உச்சந்தலையில் தட்ட ஆரம்பித்தார். "புரை ஏறிப்போச்சு. யாரோ நெனைக்கிறாங்க. யாருப்பா?" பாவைப் பிடித்தவர்கள் நின்ற இடத்திலிருந்தே பேர் சொன்னார்கள். "கூரத்துல குடுத்த அக்காவா இருக்கும்!" என்று ஒருவர். "இவனோட மாமியாக்காரிம்மா, முசரவாக்கத்துல!" என்று இன்னொருவர். "தண்ணி குடுங்க, தண்ணி" என்று ஒருவர். ஒருவரும் கழியை விட்டு வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், புரை ஏறியதென்றுதான் நினைத்தார்கள், நானும் வகுப்புக்குப் போகாவிட்டால் அதைத்தான் நினைத்திருப்பேன்.

"விடுங்க, கழியை விடுங்க" என்றேன் அவரிடம். விடவில்லை. உயிர் போகிறது, மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழியைப் பிடுங்கிக் கீழே எறிந்தேன். பாவு தொப்பென்று தெருவில் விழுந்தது.

"பாவு! பாவு!" என்று அத்தனை பேரும் அலறினார்கள்.

"நாசமாப் போவட்டும் பாவு!" என்று நானும் அலறினேன். பட்டு நெசவு செய்கிற வீட்டில் வாழ வந்தவள் சொல்லக்கூடாத வார்த்தை. அவர் கழுத்தைப் பிடித்து முன்னால் குனியவைத்தேன். நெஞ்சுக்கு இடது கையைக் கொடுத்தேன். வலது கையை ஓங்கினேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி பண்றே? கட்டின புருஷனைக் கைநீட்டி அடிக்கிறியா?"

"வுடுங்க அத்தே, மூச்சு இல்ல!" என்று உதறினேன். மாமியார் கஞ்சியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார்.

முதல் அடி. ஒன்றுமில்லை. அவர் உடம்பு என் கைமேல் கனக்க ஆரம்பித்தது. உதடு நீலமாகிவிட்டது. இவர் விழுந்தால் மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்க வேண்டும். சாக்குப் பொம்மையை எத்தனை தரம் அமுக்கியிருக்கிறேன், ஒரு பயமும் இருந்ததில்லை. இந்த நெஞ்சை அமுக்கவேண்டி வந்தால்? நான்தானே வாயில் போட்டேன், நான்தானே சிரிக்க வைத்தேன்? இரண்டாவது அடி. மூன்றாவது. அடித்தேன், அடித்தேன், பார்க்கவே இல்லை. ஐந்தாவது அடிக்குப் பிறகுதான் ஒரு சத்தம் கேட்டது. கிணற்று உருளை கிறீச்சிடுகிற மாதிரி ஓர் இழுப்பு. அப்புறம் இருமல். இருமல், இருமல், இருமல். உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

கழிக்குப் பக்கத்தில் அந்த உருண்டைத் துண்டு கிடந்தது. புளியங்கொட்டை அளவு. எதிர்வீட்டுக்காரர் அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ?" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையில் கைவைத்துக்கொண்டு பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். தொண்டையைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, ஒன்றுமில்லை, இரண்டு நாள் கஞ்சியாகக் குடிக்கட்டும் என்று அனுப்பினார். பாவைத் தெருவே உட்கார்ந்து இழை இழையாக எடுத்துப் பிணைத்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. என் மாமியார் மட்டும் அன்று முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் தாமாக வந்து என் வலது கையைத் தூக்கி, வீங்கியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, விளக்கெண்ணெய் தடவிவிட்டார்.

ஆனால் செய்திக்குக் கால் முளைத்துவிட்டதே! எங்கள் தெருவில் கிளம்பியபோது அது 'உருண்டை அடைச்சிக்கிச்சி, பொண்டாட்டி தட்டி எடுத்தா' என்று இருந்தது. பால்காரரோடு பஸ் ஏறி என் பிறந்த ஊரான முசரவாக்கம் போய் இறங்கும்போது உருண்டை உதிர்ந்துபோய், அடி மட்டும் மிஞ்சியிருந்தது. மறுநாள் மத்தியானம் என் அண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தோளில் இருக்கவேண்டிய துண்டு இடுப்பில். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

"மாப்ளே, செல்லம் குடுத்து வளத்துட்டோம். கோவக்காரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா நடுத்தெருவுல கைநீட்டுவான்னு நெனைக்கல. நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறோம். கூட்டிக்கினு போவச் சொன்னாலும் சரிதான்."

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, இன்னா நடந்துச்சுன்னு கேளு மொதல்ல" என்று ஆரம்பித்தேன். அண்ணன் கையைக் காட்டி, "நீ வாயத் தொறக்காத" என்றார்.

என் வீட்டுக்காரர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். சட்டையைக் கழற்றித் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். நடுமுதுகில் கன்றிப்போய் இருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் முகம் இன்னும் செத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தொண்டை இன்னும் ஆறவில்லை, கரகரவென்று பேசினார்.

"மச்சான், தொண்டையில உருண்டை அடைச்சிக்கிச்சி. மூச்சு நின்னுபோச்சு. கண்ணு இருட்டிக்கினு போவுது. தெருவுல அத்தனை பேரும் பாவைப் புடிச்சிக்கினு நிக்கறாங்க, இது மட்டுந்தான் பாவை வுட்டுட்டு என்னைப் புடிச்சுது. அஞ்சு அடி அடிச்சுது. நேத்தே நான் போயிருக்கணும். இன்னிக்கு உங்களோட பேசிக்கினு இருக்கேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் யாருமே கேட்டதில்லை. அண்ணன் வாழைப்பழச் சீப்பைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். அழுதுவிடுவார் போல இருந்தது. என் மாமியார் உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஆனா மச்சான், மூணாவது அடியிலேயே உருண்டை வந்து வுழுந்துடிச்சு. நான் பாத்தேன். மேல போட்ட ரெண்டும் சர்டிபிகேட்டுக் கோபம்."

அண்ணன் பயம் தெளிந்து விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் சிரித்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் சிரித்த சிரிப்புத் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அத்தனை பேர் எதிரிலும் அழுதுவிட்டேன்.

"கோபம் இல்லீங்க" என்றேன். "உருண்டை வுழுந்ததை நான் பாக்கல. நீங்க மூச்சு வுடற சத்தம் எனக்குக் கேக்கல. கேக்கற வரைக்கும் அடிச்சேன்."